அடிக்கடி விலகும் முழங்கால் சில்லு... ஆபரேஷன் யாருக்குத் தேவை, எந்த ஆபரேஷன் தேவை?

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண். பள்ளி மைதானத்தில் கோ-கோ பிராக்டீஸ். ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்புகிறாள். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். விழுந்தவள் குனிந்து பார்த்தால், முட்டிக்கு முன்னால் இருக்க வேண்டிய எலும்பு வெளிப்பக்கமாகப் போய் நிற்கிறது. வலியில் கத்துகிறாள். யாரோ காலைப் பிடித்து மெள்ள நீட்டியதும், அது தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

'கால் பிசகிடுச்சு' என்கிறார்கள் வீட்டில். எண்ணெய்க் கட்டு, இரண்டு வாரம் ஓய்வு. வீக்கம் வடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எட்டு மாதம் கழித்து, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மறுபடியும் அதே 'டக்'. அதற்கடுத்த முறை ஓட்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் பின்னால் கிடந்த போனை எடுக்கத் திரும்பினாள், அவ்வளவுதான். 'பார்த்து நடக்கக் கூடாதா?' என்று அம்மா கடிந்துகொள்கிறார். அவள் பார்த்துத்தான் நடக்கிறாள். சொல்லப்போனால், இப்போதெல்லாம் அவள் வேறு எதையும் பார்ப்பதே இல்லை. படி இறங்கினால் கைப்பிடியைத் தேடுகிறாள். பஸ்ஸில் ஓர சீட் கிடைக்குமா என்று பார்க்கிறாள். கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று ஒதுங்கி நிற்கிறாள். கோ-கோவை எப்போதோ விட்டுவிட்டாள்.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. முழங்கால் சில்லு அடிக்கடி விலகும் பலருக்கும் நடப்பதைச் சேர்த்துச் சொன்னது. பெரும்பாலும் டீன் ஏஜில் தொடங்கும் பிரச்னை இது. கவனக்குறைவால் வருவதில்லை, பெரும்பாலும் அந்த முழங்காலின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்யப்படும் சிகிச்சைதான் பலன் தரும். ஆபரேஷனுக்கும் அதே விதிதான்.

சில்லு அங்கே என்ன செய்கிறது?

முழங்காலுக்கு முன்னால், தோலுக்கு அடியில் கையால் தடவினாலே தெரியும் வட்டமான எலும்புதான் முழங்கால் சில்லு. டாக்டர்கள் 'பட்டெல்லா' என்பார்கள். தொடையின் முன்பக்கத் தசை, கீழே வந்து ஒரு தடித்த நாணாக மாறி, முழங்காலைத் தாண்டிக் கால் எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நாணுக்குள்ளேயே பதிந்திருக்கும் எலும்பு இது.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கயிற்றை நேரடியாக இழுப்பதற்கும் கப்பி வழியாக இழுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! தொடைத் தசைக்குச் சில்லு அந்தக் கப்பி மாதிரி. சில்லு இருப்பதால்தான் குறைந்த சக்தியில் காலை நீட்ட முடிகிறது, படி ஏற முடிகிறது, உட்கார்ந்து எழ முடிகிறது.

தொடை எலும்பின் கீழ் முனையில் ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கி நீட்டும்போது, தண்டவாளத்தில் ஓடுவதுபோல சில்லு அந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் போய்வரும். இதில் ஒரு சிக்கலான கட்டம் இருக்கிறது. கால் நேராக நீட்டியிருக்கும்போது சில்லு பள்ளத்துக்கு மேலே, பிடிமானம் இல்லாமல் இருக்கிறது. கொஞ்சம் மடக்கிய பிறகுதான், சுமார் 20, 30 டிகிரியில், பள்ளத்துக்குள் இறங்கி உட்காருகிறது. அதுவரை அதை வெளிப்பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதில் முக்கியப் பங்கு, உள்பக்கம் இருக்கும் ஒரு மெல்லிய ஜவ்வுக்கு. 'எம்.பி.எஃப்.எல்' என்பது அதன் சுருக்கப் பெயர். சில்லின் உள் ஓரத்தையும் தொடை எலும்பின் உள்பக்கத்தையும் இணைக்கும் லிகமென்ட் அது.

சில்லு விலகினால் கிட்டத்தட்ட எப்போதும் வெளிப்பக்கம்தான் விலகும். அப்படி விலகும்போது இந்த உள்பக்க ஜவ்வு கிழியும், அல்லது ஒட்டியிருந்த இடத்திலிருந்து பிய்ந்துகொள்ளும்.

ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். 'முட்டி விலகிடுச்சு' என்று பேச்சுவழக்கில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். சில்லு மட்டும் விலகுவது ஒன்று. தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் மூட்டே விலகுவது இன்னொன்று. பெரிய விபத்துகளில் நடக்கும் இரண்டாவது வகையில், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அறுபடும் ஆபத்து உண்டு. அது உயிர்காக்கும் அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

ஏன் திரும்பத் திரும்ப விலகுது?

முதல் முறை சில்லு விலகியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது மறுபடி வருவதில்லை. ஆனால், இரண்டாவது முறையும் விலகிவிட்டால், மூன்றாவது முறை விலகுவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. சின்ன வயதில் தொடங்கினால் இது இன்னும் கூடும். காரணங்கள் இவை:

தளர்ந்த ஜவ்வு: கிழிந்த எம்.பி.எஃப்.எல் ஆறும்போது பழைய நீளத்திலேயே ஆறும் என்று சொல்ல முடியாது. இழுபட்ட ஜாக்கெட் எலாஸ்டிக் மாதிரி தொளதொளவென்று ஆறிவிட்டால், அடுத்த முறை சில்லைத் தடுத்து நிறுத்தாது.

ஆழமில்லாத பள்ளம்: சிலருக்குப் பிறவியிலேயே தொடை எலும்பின் பள்ளம் ஆழமாக இருக்காது. சிலருக்கு அது தட்டையாகவும், வெகு சிலருக்கு மேடாகவும்கூட இருக்கும். பிரான்ஸின் லியோன் நகர எலும்பு மருத்துவர் ஆன்ரி தெஜூர் தலைமையிலான குழு 1994-ல் வெளியிட்ட ஆய்வில், சில்லு விலகியவர்களில் 85 சதவிகிதம் பேருக்கு இந்தப் பள்ளக் குறைபாடு இருந்தது. இன்றுவரை உலகம் முழுக்க இந்தப் பிரச்னையை அளப்பதற்கு அடிப்படையாக இருப்பது அந்தக் குழு வகுத்த அளவுகோல்கள்தான்.

உயரத்தில் நிற்கும் சில்லு: சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே இருந்தால், காலை மடக்கும்போது அது பள்ளத்துக்குள் இறங்கத் தாமதமாகும். அதுவரை பிடிமானம் இல்லை.

கோணலான இழுவிசை: சில்லுக்குக் கீழே இருக்கும் நாண், கால் எலும்பில் ஒரு சின்ன மேட்டில் ஒட்டுகிறது. முட்டிக்கு இரண்டு விரல் கீழே தடவினால் அந்த மேடு தட்டுப்படும். அது வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால், தசை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு வெளிப்பக்கம் இழுபடும். பள்ளத்தின் நடுவுக்கும் இந்த மேட்டுக்கும் இடையேயான பக்கவாட்டு தூரத்தை ஸ்கேனில் அளப்பார்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அது அதிகம்.

தளர்வான மூட்டுகள், திரும்பிய கால்கள்: கட்டைவிரலை மடக்கி முன்கையில் தொட வைக்க முடிகிறவர்கள் சிலரைப் பார்த்திருப்பீர்கள். உடம்பின் எல்லா ஜவ்வுகளும் இயல்பிலேயே இளகி இருப்பவர்கள் அவர்கள். இவர்களுக்குச் சில்லு விலகும் வாய்ப்பு அதிகம். நடக்கும்போது முட்டியோடு முட்டி இடிக்கும் கால் அமைப்பு, தொடை எலும்பு உள்பக்கமாக முறுக்கியிருப்பது ஆகியவையும் காரணமாகலாம்.

ஒருவருக்கு இதில் ஒன்று மட்டும் இருக்கலாம். இன்னொருவருக்கு மூன்று சேர்ந்து இருக்கலாம். அதனால்தான், 'பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே பிரச்னைதான், அவனுக்குச் செய்த ஆபரேஷனையே எங்களுக்கும் செய்யுங்கள்' என்பது சரியாக வருவதில்லை.

விலகிய அந்த நிமிடம்... என்ன செய்யணும்?

முதலில், பதற்றத்தில் யாரும் சில்லைப் பிடித்து அமுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரைச் சாய்ந்து உட்கார வையுங்கள். பல நேரங்களில், அவர் தொடைத் தசையைத் தளர்த்தி, காலை மெள்ள நீட்டினாலே சில்லு தானாக உள்ளே போய்விடும். போகவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். கால் எந்த நிலையில் இருக்கிறதோ, அப்படியே தலையணையோ மடித்த போர்வையோ கொடுத்து அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 108-ஐ அழைக்கலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடங்கள் ஒத்தடம் கொடுக்கலாம்.

உருவி விடுவது, எண்ணெய் தேய்த்துத் திருகுவது, சுடுதண்ணீர் ஊற்றுவது எதுவும் அப்போது வேண்டாம். உள்ளே ஏற்கெனவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அது இன்னும் அதிகமாகும்.

'தானாவே உள்ளே போயிடுச்சே, அப்புறம் எதுக்கு டாக்டர்?' என்று கேட்பவர்கள் அதிகம். சில்லு வெளியே போகும்போதும், திரும்ப உள்ளே வரும்போதும் தொடை எலும்பின் ஓரத்தில் உரசிக்கொண்டுதான் வருகிறது. அந்த உரசலில் குருத்தெலும்பும், அதோடு ஒட்டிய எலும்பும் துண்டாகப் பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கலாம். நாட்டுக் கட்டு போட்டால் அசைவு குறைந்து வலி கொஞ்சம் அடங்கலாம். ஆனால், உள்ளே ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறதா என்பதைக் கட்டு சொல்லாது. சில மணி நேரத்திலேயே முட்டி பந்துபோல வீங்கினால், எக்ஸ்-ரேயும் எம்.ஆர்.ஐ-யும் அவசியம். பாதம் ஜில்லென்று ஆனாலோ, மரத்துப்போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

முதல் முறையே ஆபரேஷனா?

பெரும்பாலும் தேவையில்லை. எலும்புத் துண்டு பெயரவில்லை என்றால், சில வாரங்களுக்கு பிரேஸ், அதோடு சீக்கிரமே தொடங்கும் பிசியோதெரபி என்பதுதான் வழக்கமான சிகிச்சை. தொடையின் முன்பக்கத் தசையையும், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளையும் பலப்படுத்துவதுதான் அதில் முக்கியம். இடுப்புத் தசை பலமாக இருந்தால், முட்டி உள்பக்கம் மடங்கிப்போவது குறையும்.

உலகமே டிவியில் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 2019 அக்டோபர் 17 அன்று, டென்வரில் நடந்த ஆட்டத்தின் நடுவே வலது முழங்கால் சில்லு விலகியது. மைதானத்திலேயே அதை உள்ளே தள்ளினார்கள். ஜவ்வுகளில் பெரிய சேதம் இல்லை என்று ஸ்கேனில் தெரிந்ததால் ஆபரேஷன் செய்யவில்லை. இரண்டு ஆட்டங்களை மட்டும் தவறவிட்டவர், நவம்பர் 10-ம் தேதி மறுபடி களமிறங்கினார். 2020 பிப்ரவரியில் 'சூப்பர் பௌல்' கோப்பையை அவருடைய அணி வென்றது. ஆட்ட நாயகன் அவர்தான்.

இதைப் படித்துவிட்டு மூன்று வாரத்தில் மைதானத்துக்குப் போக நினைக்க வேண்டாம். முழுநேர மருத்துவக் குழு கூடவே இருக்கும் தொழில்முறை வீரர் அவர். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் முறை விலகியதுமே கத்தி அவசியம் என்று பயப்படத் தேவையில்லை என்பதைத்தான்.

அப்போ, ஆபரேஷன் யாருக்கு?

பொதுவாக மூன்று சூழ்நிலைகளில் டாக்டர்கள் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். முதலாவது, எலும்பு அல்லது குருத்தெலும்புத் துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் கிடப்பது. இதில் முதல் முறையாக இருந்தாலும், துண்டைத் திரும்பப் பொருத்தவோ எடுக்கவோ வேண்டியிருக்கும். இரண்டாவது, சில்லு இரண்டு முறை அல்லது அதற்கு மேல் விலகியிருப்பது. மூன்றாவது, ஒழுங்காக பிசியோதெரபி செய்தும் சில்லு நழுவுவது போன்ற உணர்வு போகாமல், அன்றாட வாழ்க்கையே சுருங்கிவிடுவது.

'வலிதான் இப்போ இல்லையே, தள்ளிப்போட்டால் என்ன?' என்ற கேள்வி வரும். ஒவ்வொரு முறை விலகும்போதும் குருத்தெலும்பு உரசித் தேய்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. 17 வயதில் ஆரம்பித்தது, நடுத்தர வயதிலேயே முட்டித் தேய்மானமாக முடியலாம்.

நம் வீடுகளில் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'கல்யாணமாகாத பொண்ணு, காலில் கத்தி வைக்கலாமா?' இந்த ஆபரேஷன்களில் பொதுவாகச் செய்யப்படும் ஜவ்வு சீரமைப்பில், வெட்டு என்பது சில சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னச் சின்னத் தழும்புகள்தான். ஆனால், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வருடங்களில் தேய்ந்துபோகும் குருத்தெலும்பை யாராலும் திருப்பித் தர முடியாது.

டெஸ்ட் எதற்கு இத்தனை?

டாக்டர் முதலில் காலை நீட்டிப் படுக்கவைத்து, சில்லை விரலால் மெள்ள வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். சில்லு அடிக்கடி விலகுகிறவர்கள் உடனே தொடையை இறுக்கிக்கொள்வார்கள், அல்லது டாக்டரின் கையைப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பயமே ஒரு பரிசோதனை முடிவு. வீட்டில் 'சும்மா பயப்படுறா' என்று சொன்ன அதே பயத்தை, டாக்டர் நோயின் அடையாளமாகக் குறித்துக்கொள்வார்.

எக்ஸ்-ரேயில் சில்லின் உயரமும் பள்ளத்தின் வடிவமும் தெரியும். எம்.ஆர்.ஐ-யில் ஜவ்வு எங்கே கிழிந்திருக்கிறது, குருத்தெலும்பு எப்படி இருக்கிறது என்பது தெரியும். இழுவிசையின் கோணல், எலும்பின் முறுக்கு ஆகியவற்றை அளக்க சி.டி ஸ்கேனும் எடுப்பதுண்டு. வீணாகச் செலவு வைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்த ஆபரேஷன் என்பதை முடிவு செய்வது இந்த அளவுகள்தான்.

என்னென்ன ஆபரேஷன்கள்?

ஜவ்வைப் புதிதாக அமைப்பது: இன்று இந்தப் பிரச்னைக்குப் பரவலாகச் செய்யப்படுவது எம்.பி.எஃப்.எல் மறுசீரமைப்பு. கிழிந்து தளர்ந்த ஜவ்வைத் தைத்தால் மட்டும் பல நேரம் போதாது. அதனால், தொடையின் பின்பக்கமிருந்து முட்டியின் உள்பக்கமாக வரும் நாண்களில் ஒன்றை எடுத்து, அதைப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். ஒரு முனை சில்லின் உள் ஓரத்தில், மறு முனை தொடை எலும்பின் உள்பக்கத்தில். நம் உடம்பிலிருந்தே எடுப்பதால் உடம்பு அதை ஏற்க மறுப்பதில்லை. அந்த ஒரு நாணை எடுப்பதால் நடப்பதிலும் பெரிய குறை தெரியாது.

இந்த ஆபரேஷனில் எல்லாமே, தொடை எலும்பில் எந்தப் புள்ளியில் பொருத்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மாட்டை முளையில் கட்டுகிறவருக்கு இது உடனே புரியும். கயிறு, மாட்டை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது பக்கத்து வயலுக்குப் போனால் மட்டும் தடுக்க வேண்டும். முளையைத் தப்பான இடத்தில் அடித்தால், ஒரு பக்கம் கயிறு இறுக்கும், இன்னொரு பக்கம் தொங்கும். புது ஜவ்வும் அப்படித்தான். புள்ளி சில மில்லிமீட்டர் தவறினாலும், காலை மடக்கும்போது ஜவ்வு இறுகி, வலியும் விறைப்பும் வரும். 2007-ல் பிலிப் ஷோட்லே குழுவினர், அந்தப் புள்ளியை எக்ஸ்-ரே படத்திலேயே அடையாளம் காணும் வழியை வெளியிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரிலேயே எக்ஸ்-ரே எடுத்து, அந்தப் புள்ளியைச் சரிபார்த்துப் பொருத்துவது இப்போது வழக்கம்.

நாண் ஒட்டும் மேட்டை நகர்த்துவது: இழுவிசை கோணலாக இருந்தால், புது ஜவ்வு மட்டும் போட்டால் போதாது. தசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஜவ்வு தளர்ந்துபோகலாம். அப்போது, கால் எலும்பில் நாண் ஒட்டியிருக்கும் மேட்டை நாணோடு சேர்த்து வெட்டி, உள்பக்கமாக நகர்த்தி, திருகாணிகள் போட்டுப் பொருத்துவார்கள். சில்லு உயரத்தில் இருந்தால் மேட்டைக் கீழ்ப்பக்கம் இறக்குவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் ஃபுல்கர்சன் 1983-ல் வெளியிட்ட முறையில், மேட்டை உள்பக்கமும் முன்பக்கமும் ஒருசேர நகர்த்துவார்கள். அதனால் சில்லுக்குப் பின்னால் இருக்கும் தேய்ந்த பகுதியில் அழுத்தமும் குறையும். எலும்பை வெட்டுவதால் அது கூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஊன்றுகோல் காலமும் அதற்கேற்ப நீளும்.

பள்ளத்தை ஆழப்படுத்துவது: பள்ளம் தட்டையாகவோ மேடாகவோ இருக்கும் தீவிரமான நிலையில் மட்டும், குருத்தெலும்புக்கு அடியில் எலும்பைக் குடைந்து பள்ளத்தை உருவாக்குவார்கள். நுணுக்கமான ஆபரேஷன் இது. எல்லோருக்கும் செய்யக் கூடியதல்ல. இதில் அனுபவமுள்ள மருத்துவர்களிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

எலும்பின் முறுக்கை, கோணலைச் சரிசெய்வது: தொடை எலும்பு அதிகமாக உள்பக்கம் முறுக்கியிருந்தால், அதை வெட்டித் திருப்பி வைக்க வேண்டியிருக்கும்.

வெளிப்பக்கத்தைத் தளர்த்துவது: முன்பு, சில்லின் வெளிப்பக்கத் திசுவை மட்டும் வெட்டித் தளர்த்திவிடும் வழக்கம் இருந்தது. சில்லு விலகுவதற்கு அதை மட்டும் தனியாகச் செய்வது பலன் தருவதில்லை. சிலருக்கு சில்லு உள்பக்கமாக நழுவும் புதுப் பிரச்னையையும் கொடுத்திருக்கிறது. இப்போது தேவைப்பட்டால் மற்ற ஆபரேஷன்களோடு சேர்த்துத்தான் செய்கிறார்கள்.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத வயதில், மேட்டை வெட்டி நகர்த்தினால் எலும்பு கோணலாக வளரும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு வளர்ச்சித் தட்டைத் தொடாமல் ஜவ்வை மட்டும் அமைப்பார்கள். முட்டிகள் இடிக்கும் கால் என்றால், வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சின்னத் தகடு பொருத்தி, வளரும்போதே கால் நேராகும்படி செய்யலாம்.

ரிஸ்க் இல்லையா?

இருக்கிறது. சரியான நபருக்குச் சரியாகச் செய்யப்பட்டால், ஜவ்வு சீரமைப்புக்குப் பிறகு சில்லு மறுபடி விலகுவது நூறில் ஒருசிலருக்கு மட்டுமே. ஆனால், விலகாமல் இருப்பது மட்டுமே வெற்றி இல்லை. 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எம்.பி.எஃப்.எல் ஆபரேஷன் செய்த 629 முழங்கால்களைப் பற்றிய ஆய்வு முடிவுகளைத் திரட்டியது. அதில் 164 சிக்கல்கள் பதிவாகியிருந்தன, அதாவது சுமார் 26 சதவிகிதம். மடக்க முடியாத விறைப்பு, வலி, சில்லில் விரிசல், காயம் ஆறுவதில் பிரச்னை எனப் பெரிதும் சிறிதுமாக எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இவற்றில் சில, பொருத்தும் புள்ளி தவறுவது போன்ற தவிர்க்கக்கூடிய காரணங்களால் வருபவை.

தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் மரத்துப்போன உணர்வு பலருக்கும் இருக்கும், காலப்போக்கில் குறையும். ஆனால் காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி இரண்டும் ரத்தம் உறைவதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

பெரும்பாலும் ஓரிரு நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

ஜவ்வு ஆபரேஷன் மட்டும் என்றால், பிரேஸும் ஊன்றுகோலும் துணையாக வைத்துக்கொண்டு சீக்கிரமே காலை ஊன்ற அனுமதிப்பார்கள். எலும்பை வெட்டியிருந்தால் சுமார் ஆறு வாரங்களுக்கு முழு எடையும் போடக் கூடாது. முதல் நாளிலிருந்தே தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கொடுப்பார்கள். 'வலிக்குது, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், தசை வேகமாக இளைத்துவிடும், முட்டியும் விறைத்துவிடும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். முதல் வாரங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோட் நாற்காலி தேவைப்படும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். பாத்ரூமில் வழுக்காத பாய், படுக்கும் அறை தரைத்தளத்தில் என்று யோசித்து வைக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. சம்மணம், குத்தவைத்து உட்காருவது, பரதநாட்டியத்தின் அரைமண்டி போன்றவற்றை டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். டூவீலரும் அப்படித்தான், திடீரென்று காலை ஊன்றி நிற்கும் பலம் வந்திருக்க வேண்டும்.

மெதுவான ஓட்டத்துக்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். கோ-கோ, கபடி, கூடைப்பந்து மாதிரி சட்டென்று திரும்பும் விளையாட்டுகளுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை. தேதியை மட்டும் பார்த்து மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. இரண்டு கால்களின் பலமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறதா, ஒற்றைக்காலில் குதித்து இறங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே அனுப்ப வேண்டும்.

சில்லு நின்றுவிடும்; பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் படியில் கைப்பிடியைத் தேடுகிறவர்கள் உண்டு. 'அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?' என்று அவசரப்படுத்தாதீர்கள். காலை நம்பி ஊன்ற மனசுக்கும் பயிற்சி வேண்டும்.

டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்

* எனக்குச் சில்லு விலக என்ன காரணம்? ஜவ்வா, பள்ளமா, உயரமா, இழுவிசையா?
* என் ஸ்கேனில் அந்த அளவுகள் எவ்வளவு?
* நீங்கள் சொல்லும் ஆபரேஷன் அந்தக் காரணத்தைச் சரிசெய்யுமா? ஒன்று போதுமா, இரண்டு சேர்த்துச் செய்ய வேண்டுமா?
* குருத்தெலும்பு ஏற்கெனவே எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது?
* நீங்கள் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா?
* பிசியோதெரபி எத்தனை மாதம், எங்கே, எவ்வளவு செலவாகும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சைத் துறை இருக்கிறது; அங்கே ஆலோசனை பெறலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோ தனியார் காப்பீடோ வைத்திருப்பவர்கள், டாக்டர் சொன்ன ஆபரேஷனின் பெயரைச் சொல்லி, அது திட்டத்தில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பிசியோதெரபி செலவையும் தனியாகக் கேளுங்கள். பலரும் கணக்கில் விட்டுவிடுவது அதைத்தான்.

உங்கள் வீட்டிலும் முழங்காலைப் பிடித்தபடி படி இறங்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். 'பார்த்து நடக்கக் கூடாதா?' என்று கேட்பதற்கு பதில், இதுவரை எத்தனை முறை விலகியது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதி, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு வீங்கியது என்று எழுதினாலே போதும். அந்தத் தாளோடு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.